டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் கொடுத்தால் அதிகாரி சிறைக்குப் போவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்முதல் கோப்புகளைக் கையாளும் அலுவலர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஒப்பந்ததாரர்கள், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்வோர் எனப் பல தரப்பினரும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே தரப்பட்டுள்ளன. பதில்கள் இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் ஒட்டியவை.

டெண்டர் விட்டுத்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகளும் இருக்கின்றன. அரசுத் துறைகள் மட்டுமன்றிப் பொதுத்துறை நிறுவனங்கள், வாரியங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவையும் இச்சட்டத்துக்குள் வருகின்றன. ஒப்பந்தப்புள்ளி அளிப்பதற்கான கால அவகாசம்கூட விதிகளில் வரையறுக்கப்பட்டுள்ளது. 2 கோடி ரூபாய் வரையிலான மதிப்புக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டால் 30 நாள்களும் தர வேண்டும். அதைக் குறைப்பதாக இருந்தால், டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேல்நிலையில் உள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும்.

நடுவண் அரசு அலுவலகங்கள் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பின்பற்றுகின்றன. அவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, நிதி அமைச்சகத்தின் நிர்வாக விதிகளே. இவை எல்லாவற்றுக்கும் அடியில் அரசியலமைப்பின் 14ஆவது கூறு, அதாவது சட்டத்தின்முன் சமத்துவம், நிற்கிறது. மீரட் மாநகராட்சி தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில், அரசு ஒப்பந்தங்கள் பொது ஏலம் அல்லது டெண்டர் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்றும், விலக்குகள் அரிதாகவே இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பை மேற்கோள் காட்டி, நியமன அடிப்படையில், அதாவது போட்டியின்றி ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் தருவதைக் கட்டுப்படுத்தி மத்திய கண்காணிப்பு ஆணையம் 2007 ஜூலையில் ஓர் ஆணை பிறப்பித்தது.

டெண்டரே விடாமல் வேலையைக் கொடுத்துவிட்டால் அதுவே குற்றம்தானே?

இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர் இதைப் படித்தால் போதும். விதிமீறல் என்பது ஒன்று, குற்றம் என்பது வேறொன்று. டெண்டரைத் தவிர்த்த அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்கலாம், இழப்பை அவரிடமிருந்து வசூலிக்கலாம், ஒப்பந்தத்தையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஆனால் சிறைத் தண்டனைக்கு, அவர் நேர்மையற்ற நோக்கத்துடன் செயல்பட்டார் என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியாக வேண்டும்.

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஆந்திர மாநில நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர்கள் தொடர்பான செங்கா ரெட்டி வழக்கு. டெண்டர் கோராமல் நியமன அடிப்படையில் பணிகள் தரப்பட்டிருந்தன, துறை விதித்தொகுப்பு மீறப்பட்டிருந்தது. இவற்றை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், முறைகேடுகள் பெரும் ஐயத்தை எழுப்புகின்றன என்றாலும் ஐயம் சான்றின் இடத்தைப் பிடித்துவிட முடியாது என்ற அடிப்படையில் 1996இல் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. சில மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கடுமையானது. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டம், அச்சட்டத்தை மீறுவதையே மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனைக்கு உரியதாக்கியிருக்கிறது. எனவே எந்த மாநிலத்தின் கொள்முதல் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள்?

பெரும்பாலும் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில்தான். பொதுக் கடமையை முறைகேடாகச் செய்வதற்காக ஆதாயம் பெற்றால் 7ஆவது பிரிவு, அதற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தன் பொறுப்பில் உள்ள அரசுச் சொத்தை நேர்மையற்ற முறையில் கையாடினாலோ பிறர் கையாட அனுமதித்தாலோ 13ஆவது பிரிவு, அதற்கு 4 முதல் 10 ஆண்டு வரை சிறை.

இவற்றுடன் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் சேரும். பொது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 316(5) உள்ளது, அதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஏமாற்றுதலுக்கு 318(4), கூட்டுச் சதிக்கு 61(2). 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முந்தைய செயல்களாக இருந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 409, 420, 120பி என்ற எண்களே வழக்கில் இடம்பெறும். தேதியைப் பின்னிட்டுக் குறிப்பு எழுதுவது, போலிக் கொட்டேஷன் சேர்ப்பது போன்றவை இருந்தால் ஆவண மோசடிப் பிரிவுகளும் வரும். டெண்டர் வழக்குகளில் அதிகாரிகளை உண்மையில் சிக்கவைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான் என்பது என் கணிப்பு. ஏனென்றால் நோக்கத்தை மெய்ப்பிப்பது கடினம், பொய் ஆவணத்தை மெய்ப்பிப்பது அவ்வளவு கடினம் அல்ல.

2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் வாங்கியதை நிரூபிக்காவிட்டால் வழக்கே நிற்காது என்கிறார்களே?

பாதி உண்மை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் பழைய 13(1)(டி) பிரிவில் மூன்று கிளைகள் இருந்தன. மூன்றாவது கிளையின்படி, ஓர் அதிகாரி பொதுநலன் ஏதுமின்றி வேறொருவருக்குப் பணப் பயன் கிடைக்கச் செய்தாலே போதும், அவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்புத் துறைக் கொள்முதல் தொடர்பான ரூனு கோஷ் வழக்கில் 2011 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அந்தக் கிளைக்குக் குற்றநோக்கத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று கூறியது. தவறான முடிவெடுத்த நேர்மையான அதிகாரியும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும் என்ற அச்சம் அதிகாரிகள் வட்டத்தில் பரவியது. முடிவெடுக்காமல் கோப்பைச் சுற்றில் விடுவதே பாதுகாப்பு என்ற மனநிலை வளர்ந்தது.

2018 ஜூலை 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 13(1)(டி) பிரிவை முற்றாக நீக்கிவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை கையாடலும் சட்டவிரோதமாகச் செல்வம் சேர்த்தலும்தான். ஆனால் கையாடல் பிரிவில் ‘பிறரை அனுமதித்தல்’ என்பதும் அடங்கியிருப்பதால், லஞ்சம் கைமாறியதற்குச் சான்று இல்லாத இடத்திலும் வழக்குக்கு இடமுண்டு. லஞ்சத்துக்கு நேரடிச் சான்று தேவையா என்ற கேள்விக்கும், நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, கோரியதையும் பெற்றதையும் சூழ்நிலைச் சான்றுகளால் நிறுவலாம் என்று விடையளித்திருக்கிறது.

என் பார்வையில் இத்திருத்தம் அச்சத்தைப் போக்கியது சரி, போக்கிய விதம் சரியல்ல. பழைய கிளையில் ‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். பிரிவையே எடுத்துவிட்டதால், வேண்டியவருக்குத் தெரிந்தே ஒப்பந்தத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பலனை வேறு வழியில் வேறு காலத்தில் அனுபவிப்பவரைப் பிடிப்பது கடினமாகிவிட்டது. 2018க்கு முன் செய்த செயல்களுக்குப் பழைய பிரிவே பொருந்தும் என்பதால் அதன்கீழ் வழக்குகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

எப்போதெல்லாம் டெண்டர் இல்லாமல் சட்டப்படியே வாங்கலாம்?

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு விலக்குகளைச் சொல்கிறது. இயற்கைப் பேரிடர் போன்ற அவசர நிலை, ஒரே ஓர் இடத்தில் மட்டுமே கிடைக்கும் பொருள், குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட சிறு கொள்முதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நடுவண் பொது நிதி விதிகளின் 166ஆவது விதி ஒற்றை டெண்டருக்கு, அதாவது ஒரே நிறுவனத்திடம் மட்டும் விலை கேட்டு வாங்குவதற்கு, மூன்று காரணங்களை ஏற்கிறது. அந்த ஒரு நிறுவனமே பொருளைத் தயாரிக்கிறது என்பது முதலாவது, அவசரத் தேவை இரண்டாவது, ஏற்கெனவே உள்ள இயந்திரத்துக்குப் பொருந்தும் உதிரிபாகம் தேவை என்று தகுதியுள்ள தொழில்நுட்ப வல்லுநர் பரிந்துரைப்பது மூன்றாவது.

சிறு கொள்முதலுக்கான தொகைகள் அவ்வப்போது மாறும். 2017இல் நடுவண் விதிகள் வெளியானபோது 25,000 ரூபாய் வரை கொட்டேஷன் இல்லாமலும், அதற்கு மேல் 2.5 லட்சம் வரை மூவர் கொண்ட கொள்முதல் குழு வழியாகவும் வாங்கலாம் என்று இருந்தது. கொள்முதல் நடந்த நாளில் எந்தத் தொகை நடப்பில் இருந்ததோ அதுவே கணக்கு.

கோப்பில் ‘மிக அவசரம்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

போதாது. வெள்ளம் சூழ்ந்த பகுதிக்குப் படகும் உணவும் உடனே வேண்டும் என்பது அவசரம். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டும் என்பது அவசரம் அல்ல. பத்து மாதம் கோப்பைத் தூங்கவிட்டுவிட்டு மார்ச் மாதத்தில் விழித்துக்கொள்ளும் அலுவலகத்தின் அவசரம் அதன் சொந்தத் தயாரிப்பு.

அவசரம் உண்மையா என்பதை எடைபோடும்போது விசாரணை அலுவலர் சில தேதிகளைத்தான் முதலில் பார்ப்பார். தேவை எழுந்தது என்று, நிறுவனத்திடம் பேசியது என்று, பணி ஆணை பிறந்தது என்று, பொருள் உண்மையில் வந்தது என்று. அவசரம் என்று நியமன முறையில் வாங்கிய கருவி ஆறு மாதம் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தால், காரணம் பொய் என்பதைக் கோப்பே சொல்லிவிடும். பொய்க் காரணம் எழுதப்பட்டிருப்பது, இரண்டாம் கேள்வியில் சொன்ன நேர்மையற்ற நோக்கத்துக்கு வலுவான அறிகுறி.

பெரிய வேலையை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரம்புக்குள் வைத்துக் கொடுத்தால்?

தணிக்கைக் குழுவினர் முதலில் தேடுவதே இதைத்தான். ஒரே சாலை, ஒரே வாரம், ஒரே ஒப்பந்ததாரர், ஆனால் நான்கு எஸ்டிமேட்டுகள், நான்கும் வரம்புக்குச் சற்றே கீழே. மேலதிகாரியின் ஒப்புதலையோ போட்டியையோ தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டாடக் கூடாது என்று நடுவண் விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன.

பிரிப்பதே எப்போதும் தவறு என்பதும் சரியல்ல. நான்கு ஊர்களில் நான்கு வெவ்வேறு காலத்தில் செய்ய வேண்டிய பணிகளைத் தனித்தனியாக விடுவதற்கு நியாயம் இருக்கலாம். பிரித்ததற்கான காரணம், பிரிப்பதற்கு முன்பே கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே சோதனை.

மூன்று கொட்டேஷன் முறைப்படி வாங்கினோம். மூன்றையும் ஒரே ஆள்தான் கொண்டுவந்தார் என்று பின்னால் தெரிந்தால் நாங்கள் மாட்டுவோமா?

பின்னால்தான் தெரிந்தது என்றால், மாட்ட வேண்டியவர் கொட்டேஷன் கொடுத்தவர். ஆனால் மூன்று தாள்களிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே தொலைபேசி எண், அடுத்தடுத்த தேதிகளாகக்கூட இல்லாமல் ஒரே தேதி என்று இருக்கும்போது, எனக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடாது. ஒப்பீட்டு அட்டவணை தயாரித்த உதவியாளர் தொடங்கி கையொப்பமிட்ட அலுவலர் வரை அனைவரிடமும் விளக்கம் கேட்கப்படும். அறிந்தே சேர்த்தார்கள் என்று நிறுவப்பட்டால் சதிப் பிரிவும் போலி ஆவணத்தைப் பயன்படுத்தியதற்கான பிரிவும் பொருந்தும்.

மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு யாருக்கு?

கையெழுத்துப் போட்டவருக்கு. சொன்னவருக்கும் பொறுப்பு உண்டுதான், ஆனால் அவர் சொன்னதற்குச் சான்று இல்லாவிட்டால் அவர் எளிதாக விலகிக்கொள்வார். அகில இந்தியப் பணிகளின் நடத்தை விதிகளும் நடுவண் குடிமைப் பணியின் நடத்தை விதிகளும், மேலதிகாரி வாய்மொழி உத்தரவு தர நேர்ந்தால் அதைப் பின்னர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றும், கீழ்நிலை அலுவலர் அந்த உறுதிப்படுத்தலைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும் சொல்கின்றன. கேட்பது அவமதிப்பு ஆகாது.

கோப்பில் ‘இன்ன தேதியில் இன்னார் வாய்மொழியாக அறிவுறுத்தியபடி, இன்ன விதிக்கு முரணாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதுவது பல அலுவலர்களைக் காப்பாற்றியிருக்கிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற வாதம், அந்த உத்தரவு சட்டவிரோதமானது என்பது வெளிப்படையாகத் தெரியும்போது குற்ற வழக்கில் உதவாது. தண்டனையின் அளவைக் குறைக்கச் சில நேரம் உதவலாம்.

அமைச்சர்கள், தலைவர்கள் எல்லாம் தப்பிவிடுவார்கள், அதிகாரிகள்தானே சிக்குவார்கள்?

சட்டப்படி அமைச்சரும் உள்ளாட்சித் தலைவரும் பொது ஊழியர்களே. நடைமுறையில் குறிப்பை எழுதுபவரும் ஒப்பமிடுபவரும் அலுவலர்களாக இருப்பதால் சான்று அவர்களிடமே முதலில் போய் முடிகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இருந்தாலும் இடமலையாறு வழக்கை நினைவில் கொள்ள வேண்டும். கேரளத்தின் இடமலையாறு நீர்மின் திட்டப் பணிகளை மிகை விலைக்கு வழங்கியதாக, மின்துறை அமைச்சராக இருந்த ஆர். பாலகிருஷ்ண பிள்ளை மீது வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் விடுவித்திருந்த அவரை உச்ச நீதிமன்றம் 2011 பிப்ரவரி 10 அன்று குற்றவாளி என அறிவித்து ஓராண்டு கடுங்காவல் விதித்தது. மின்வாரியத்தின் முன்னாள் தலைவரும் ஒப்பந்தப் பணியை ஏற்றிருந்தவரும் அவருடன் தண்டிக்கப்பட்டார்கள். நடந்ததோ எண்பதுகளின் தொடக்கத்தில், இறுதித் தீர்ப்பு வந்ததோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து.

டெண்டர் விட்டாகிவிட்டது, ஆனால் நிபந்தனைகள் ஒரே நிறுவனத்துக்குத் தோதாக இருக்கின்றன. இதில் குற்றம் இல்லைதானே?

டெண்டர் விட்டது கேடயமாகிவிடாது. ஒரே நிறுவனத்திடம் மட்டும் இருக்கும் சான்றிதழைத் தகுதியாக்குவது, ஒரு வணிகப் பெயரைக் குறிப்பிட்டு ‘அல்லது இணையானது’ என்பதை விட்டுவிடுவது, யாரும் படிக்காத இதழில் விளம்பரம் தருவது, நேரம் முடியும் நாளில் திருத்தம் வெளியிடுவது எனப் போட்டியைக் கொல்லப் பல வழிகள் உண்டு. இவை டெண்டரே விடாமல் இருப்பதைவிடக் குற்றநோக்கத்தை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். டெண்டரைத் தவிர்த்தவர் அறியாமை என்று சொல்லிப் பார்க்கலாம். நிபந்தனையை உட்கார்ந்து செதுக்கியவருக்கு அந்த வழியும் இல்லை.

பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர், டெண்டரை ஏற்றுப் பிறப்பித்த ஆணைக்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான காலம் வெறும் 10 நாள்தான்.

சந்தை விலைக்கே வாங்கினோம், அரசுக்கு நட்டமே இல்லை. பிறகு என்ன குற்றம்?

கையாடல் குற்றச்சாட்டுக்கு இது நல்ல எதிர்வாதம். நட்டமும் இல்லை, யாருக்கும் முறையற்ற ஆதாயமும் இல்லை என்றால் நேர்மையற்ற நோக்கத்தை நிறுவுவது அரசுத் தரப்புக்கு மிகக் கடினம். ஆனால் 7ஆவது பிரிவுக்கு இது எதிர்வாதமே அல்ல. சரியான விலைக்கு வாங்கியபோதும் அதற்காக லஞ்சம் பெற்றிருந்தால் குற்றம் முழுமையானது. போட்டி நடத்தாத இடத்தில் ‘சந்தை விலை’ என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வியும் எழும். அந்தக் காலத்தில் பிற அலுவலகங்கள் என்ன விலைக்கு வாங்கின என்ற பதிவு கையில் இருந்தால்தான் இந்த வாதம் நிற்கும்.

தணிக்கைப் பத்தி வந்துவிட்டது. உடனே எப்.ஐ.ஆர். வருமா?

வராது. தணிக்கைப் பத்தி, அதாவது தணிக்கை அறிக்கையில் வரும் ஆட்சேபக் குறிப்பு, விசாரணைக்குத் தொடக்கப் புள்ளியாகலாம், குற்றத்துக்குச் சான்றாகாது. ஊழல் புகார்களில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

விசாரணைக்கே அரசின் அனுமதி வேண்டுமாமே, பிறகு யார் யாரை விசாரிப்பது?

2018 திருத்தம் கொண்டுவந்த 17ஏ பிரிவைப் பற்றிய கேள்வி இது. அதிகாரி தன் பணியில் செய்த பரிந்துரை அல்லது எடுத்த முடிவு தொடர்பான குற்றம் என்றால், காவல் அமைப்பு விசாரிக்கும் முன்பே உரிய அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் நீட்டிக்கலாம். லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டால் ஒப்புதல் தேவையில்லை. டெண்டர் தொடர்பான முடிவுகள் ஏறத்தாழ எல்லாமே இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். விசாரணை முடிந்து நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு 19ஆவது பிரிவின்படி இன்னோர் இசைவும் வேண்டும். ஆக, இரண்டு கதவுகள்.

பிரிவு வருவதற்கு முந்தைய செயல்களுக்கும் 17ஏ பொருந்துமா என்பதில், அப்போது ஆந்திரத்தின் முன்னாள் முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடு தொடர்ந்த வழக்கில் 2024 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். நேர்மையான முடிவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். அந்தப் பாதுகாப்பின் சாவி, அதே முடிவில் பங்குபெற்ற அரசின் கையிலேயே இருப்பதுதான் நெருடுகிறது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனிக் கவலை இல்லைதானே?

துறை நடவடிக்கைக்கு ஓய்வூதிய விதிகள் கால வரம்பு வைத்திருக்கின்றன. நிகழ்வு நடந்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால் புதிதாகத் தொடங்குவது பொதுவாக இயலாது. மேலே சொன்ன குற்ற வழக்குகளுக்கு அத்தகைய வரம்பு இல்லை. 2018 திருத்தத்துக்குப் பின் 19ஆவது பிரிவின் இசைவுப் பாதுகாப்பு ஓய்வு பெற்றவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது என்பது மட்டுமே ஆறுதல்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

அணுகுமுறைகள் வேறுபடுகின்றன. பிரான்சின் தண்டனைச் சட்டம், கொள்முதல் விதியை மீறி ஒருவருக்கு நியாயமற்ற சலுகை தருவதையே ‘பாரபட்சக் குற்றம்’ ஆக்கி இரண்டாண்டு சிறை விதிக்கிறது. அங்கே அதிகாரி லஞ்சம் பெற்றிருக்க வேண்டியதில்லை. பிரேசில் 2021இல் தன் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத இடத்தில் நேரடி ஒப்பந்தம் தருவதற்கு 4 முதல் 8 ஆண்டு வரை சிறை.

குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டால் 17(பி) குற்றச்சாட்டும் தானாக விழுந்துவிடுமா?

விழாது. 17(பி) என்பது தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்கீழ் வரும் துறைக் குற்றச்சாட்டு. குற்ற வழக்குக்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று தேவை, துறை விசாரணைக்கு நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். இரண்டாம் கேள்வியில் பார்த்ததுபோல், டெண்டரைத் தவிர்த்தது குற்றமாகாதபோதும் விதிமீறலாக நிற்கும். ஆகவே நீதிமன்றம் விடுவித்த பிறகும் ஊதிய உயர்வு நிறுத்தமோ பதவி இறக்கமோ வரலாம்.

எதிர்த்திசையில் நிலைமை வேறு. அதே குற்றச்சாட்டு துறை விசாரணையில் ஆதாரமற்றது என்று தகுதியின் அடிப்படையிலேயே தள்ளப்பட்டிருந்தால், குறைந்த அளவு சான்றுக்கே நிற்காத குற்றச்சாட்டு உயர்ந்த அளவுக்கு எப்படி நிற்கும் என்ற தர்க்கத்தில் குற்ற வழக்கை நீதிமன்றங்கள் ரத்து செய்ததுண்டு. தொழில்நுட்பக் காரணத்துக்காகத் துறை நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தால் இந்தப் பயன் கிடைக்காது. எனவே துறை விசாரணையின் இறுதி ஆணையில் என்ன காரணம் எழுதப்படுகிறது என்பதை, விடுவிக்கப்பட்ட மகிழ்ச்சியில் படிக்காமல் விட்டுவிடக் கூடாது.